அமெரிக்கா வேண்டாமென்று சொன்ன ஞாயிற்றுக்கிழமை

எங்கள் வீட்டில் நடந்த பேச்சுவார்த்தையில் பிரான்ஸ் நான். அமெரிக்கா என் மனைவி. மாநாட்டு மண்டபம் எங்கள் குசினி. மேசையில் பாதி வெட்டிய கத்தரிக்காய், ஒரு பேணி முறுக்கு, மகளின் மடிக்கணினி. விற்பனைக்கு வந்தது லூசியானா. இப்போது வரைபடத்தில் இருக்கும் சின்ன மாநிலம் இல்லை, அந்தக் காலத்து லூசியானா. மிசிசிப்பி ஆறு கடலில் விழும் இடத்திலிருந்து வடக்கே, மேற்கே என்று போய்க்கொண்டே இருக்கும் நிலம். பிரான்ஸ் மாதிரி மூன்று நாலு நாட்டை உள்ளே போட்டு மூடலாம். அதை விற்க நான் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி வேண்டாமென்றாள்.

அந்த வேண்டாம் என்னை என்ன பாடு படுத்தியது என்று சொல்வதற்கு முன், அந்த மாதங்களில் நான் எப்படிப்பட்ட ஆளாக இருந்தேன் என்று சொல்லிவிட வேண்டும். வீட்டுப் பைத்தியம். அதற்கு வேறு பெயர் கிடையாது.

பாரிசில், லா சப்பலில் நாங்கள் இருப்பது நாலாம் மாடி. மின்தூக்கி இல்லை. இரண்டே அறை. யன்னலைத் திறந்தால் பாலத்தின் மேலே மெற்றோ போவது தெரியும். எங்கள் ஆட்களின் கடைத்தெருவான ரூ காய் மூன்று நிமிட நடை. மகள் தவழ்ந்தது, நடந்தது, முதல் பல்லு விழுந்தது எல்லாம் அந்த இரண்டு அறைக்குள்தான். நான் கார் து நோர் ரயில் நிலையத்துக்குக் கிட்ட ஒரு பிரெஞ்சு உணவகத்தின் குசினியில் நிற்கிறேன். ஞாயிறும் திங்களும் லீவு. ஒரு குறையும் இல்லை.

ஆனால் எங்கள் ஆட்களின் மண்டபங்களுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். கலியாணமோ, பிறந்தநாளோ, கையில் பாதி கடித்த றோல்ஸோடு ஒருவர் உங்களைத் தேடி வருவார். "என்ன, வீடு வாங்கியாச்சோ?" இல்லை என்றால் தலையை ஒரு பக்கம் சரிப்பார். "இன்னும் உந்த நாலாம் மாடியிலையோ கிடக்கிறியள்?" நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பேன். உள்ளே பற்றி எரியும். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றி எறிகிற எறியில் கீழ் மாடிக்காரர் தடியால் கூரையில் தட்டுவார்.

என் பெரியப்பாவின் மகன், நான் அண்ணை என்று கூப்பிடுகிறவர், பாரிசுக்கு வெளியே லெ பிளாங்-மெனிலில் வீடு வாங்கி ஏழு வருடம். அவர்தான் ஒரு நாள் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"டேய், எங்கடை பக்கத்து றோட்டிலை ஒரு வீடு விலைக்கு வருகுது. வந்து பார். பிறகு அண்ணை சொல்லேல்லை எண்டு என்னைப் பேசாதை."

போய்ப் பார்த்தேன். விழுந்தேன். சிவப்பு ஓடு, பின்னால் ஒரு துண்டுத் தோட்டம், அதில் ஒரு செரி மரம், பக்கத்தில் கராஜ், மேலே மூன்று அறை. அந்த வீட்டின் படியில் நான் மூன்று தரம் ஏறி இறங்கினேன். தினமும் நாலு மாடி ஏறி இறங்குகிற மனிதனுக்குப் படி ஒரு அதிசயமா என்று கேட்காதீர்கள். இது சொந்தப் படியாகப் போகிறது!

மனைவியையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அவள் குசினிக் குழாயைத் திறந்து பார்த்தாள், மூடினாள். தோட்டத்தைப் பார்த்தாள். "இஞ்சையிருந்து ஸ்ரேசன் எவ்வளவு தூரம்?" என்று அண்ணையிடம் கேட்டாள். "பஸ் ஓடுது" என்றார் அண்ணை. திரும்பி வரும்போது ரயிலில், "என்ன சொல்லுறீர்?" என்று கேட்டேன். "உங்கடை விருப்பம்" என்றாள். கலியாணம் கட்டி இருபத்தொரு வருடம். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

இதற்கு முந்திய கோடையில் அவள் என்னிடம் ஒன்று கேட்டிருந்தாள். ரூ காயில் ஒரு சாறிக்கடையின் பின்பக்க மூலையில் இருந்து அவள் பிளவுஸ் தைக்கிறாள். அந்த மூலையில் யன்னல் கிடையாது. ரியூப் லைற் வெளிச்சத்தில் கறுப்பு நூலும் கடும் நீல நூலும் ஒன்றுபோலத் தெரியும். நூற்கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்து, பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு உள்ளே போவாள். ஒரு நாளைக்கு இருபது தரம் அப்படி வருவாள். அதே தெருவில், ஒரு கடைக்கு மேலே, தெருவைப் பார்த்த யன்னலோடு ஒரு சின்ன அறை வாடகைக்கு இருந்தது. "அதை எடுப்பமோ? என்ரை மெஷினை யன்னலடியிலை வைச்சிடலாம்" என்று கேட்டாள். "வாடகை அறையோ? பொறும். உமக்கு ஒரு மாடியே வாங்கித் தாறன்" என்றேன். அன்பில்தான் சொன்னேன். பெருமையும் அதில் பாதிக்குப் பாதி கலந்திருந்தது.

பிரான்சில் வீடு வாங்கும்போது முதலில் போடும் ஒப்பந்தத்துக்குக் கொம்புறோமி என்று பெயர். உறுதிப் பத்திரம் எழுதுகிற நொத்தேரின் அலுவலகத்தில் நானும் மனைவியும் பக்கம் பக்கமாகக் கையெழுத்து வைத்தோம். கடைசியில் நொத்தேர் அம்மா, வாங்குகிறவர்களுக்குப் பத்து நாள் இருக்கிறது, மனம் மாறினால் ஒரு பதிவுக் கடிதம் போட்டால் போதும், ஏன் என்று யாரும் கேட்கமுடியாது என்று விளக்கினார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அதுவரை வாய் திறக்காமல் இருந்த என் மனைவி, "பத்து நாளோ?" என்று மட்டும் கேட்டாள். நான் பேனையை மூடிப் பொக்கற்றில் வைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலையே நான் செய்த வேலையை எங்கள் ஆட்கள் மட்டும்தான் செய்வார்கள். வீட்டின் திறப்பு கைக்கு வரவில்லை, பாங்கின் கடிதம் வரவில்லை, கோவில் ஐயரைக் கூப்பிட்டுப் பால் காய்ச்ச நாள் வைத்துவிட்டேன். ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டி நல்ல நாளும் நேரமும் சொல்ல, அதை ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். பிறகு ரொறொன்ரோவில் இருக்கும் தங்கச்சிக்குச் சொன்னேன். அவளுக்குச் சொன்னால் இரண்டு கண்டத்துக்குச் சொன்ன மாதிரி.

இனி மகள். அவளுக்குப் பதினேழு வயது. தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லுவாள். சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் சுத்தத் தமிழ் வரும். பத்து நாளில் ஏழாவது நாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தலையைப் பிடித்துக்கொண்டு குசினிக்குள் வந்தாள்.

அவளுடைய சரித்திர ஆசிரியை ஒரு விளையாட்டு வைத்திருக்கிறாராம். நடந்த சரித்திரத்தில் ஒரு இடத்தைத் திருப்பி எழுதி, ஒரு பெட்டிக்குள் சீட்டுச் சீட்டாகப் போட்டுவிட்டார். பிள்ளைகள் சோடி சோடியாக ஒரு சீட்டு எடுத்து, அதை வகுப்புக்கு முன்னால் பேசி நடிக்கவேண்டும். எங்கள் மகளுக்கு வந்த சீட்டு: இளம் அமெரிக்கா லூசியானாவை வாங்க மறுக்கிறது.

உண்மையில் நடந்ததை எங்களுக்கு விளங்கப்படுத்தினாள். அமெரிக்காவுக்கு அப்போது முப்பது வயது கூட ஆகவில்லை. ஆற்றின் இந்தக் கரையில் கமம் செய்கிற சனம், விளைந்ததை எல்லாம் படகில் ஏற்றி ஆற்று வாயிலுள்ள துறைமுகத்துக்குக் கொண்டுபோகவேண்டும். அந்தத் துறைமுகம் பிரான்சின் கையில். அதை மட்டும் விலைக்குக் கேட்டுத்தான் அமெரிக்காவின் ஆட்கள் பாரிசுக்கு வந்தார்கள். பிரான்சை ஆண்டவருக்கு அடுத்த சண்டைக்குக் காசு தேவைப்பட்டது. துறைமுகம் என்ன, முழுவதையும் எடுங்கள் என்றுவிட்டார். வந்தவர்கள் வாயைப் பிளந்து, வாங்கிக்கொண்டு போனார்கள்.

"உது ஒருக்காலும் எடுபடாது, பிள்ளை" என்றேன். "அவ்வளவு காணியை எந்த விசரன் வேண்டாமெண்டுவான்?"

அதுதான் அவளுடைய பிரச்சினை என்று பிரெஞ்சில் கத்தினாள். வகுப்பே சிரிக்கும். நம்பக்கூடிய காரணம் ஒன்றுகூட அவளுக்கு வரவில்லை. அதனால் நாங்கள் இருவரும் பேசவேண்டும், அவள் எழுதிக்கொள்வாள். அப்பா பிரான்ஸ், அம்மா அமெரிக்கா. பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி, என்றுமில்லாத திருநாளாகத் தமிழில் சொன்னாள்: "அம்மா, அப்பா என்ன சொன்னாலும் நீங்கள் வேண்டாமெண்டுதான் சொல்லவேணும். அதுதான் வீட்டுப்பாடம்."

மனைவி கத்தரிக்காயிலிருந்து கண்ணை எடுக்காமல், "என்ன சொன்னாலுமோ?" என்று கேட்டாள்.

"ஓம்."

நான் கதிரையை இழுத்துப்போட்டு நிமிர்ந்து இருந்தேன். இதெல்லாம் எனக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. "வாருங்கோ அம்மணி. ஆறு இருக்கு, காடு இருக்கு, புல்வெளி இருக்கு. முழுக்க உங்களுக்குத்தான்."

"நான் துறைமுகம் ஒண்டைத்தானே கேட்டு வந்தனான்."

"துறைமுகம் என்ன துறைமுகம்! முழு நாட்டையும் தாறன் எண்டுறன்."

"முழு நாடு எனக்கு என்னத்துக்கு?"

"பிற்காலத்துக்கு உதவும். சனம் பெருகும், பிள்ளையள் பெருகும்."

"இருக்கிறது ஒண்டு. அதுவும் ரெண்டு வருசத்திலை படிக்கவெண்டு எங்கையோ போயிடும்."

மகள் சிரித்துக்கொண்டே மடிக்கணினியில் தட்டினாள். அமெரிக்கா கத்தரிக்காயைத் தண்ணீருக்குள் போட்டது.

"சரி, எல்லை எது? வேலி எங்கை போகுது?"

"மேற்கே மலை மட்டும்."

"எந்த மலையெண்டு நீங்கள் பாத்தனீங்களோ?"

நான் பார்க்கவில்லை. பிரான்சும் பார்க்கவில்லை என்று மகள் சொன்னாள். எல்லை அவர்களுக்கே சரியாகத் தெரியாதாம்.

"காணி உறுதியைக் காட்டுங்கோ. உங்களுக்கு முதல் ஆரின்ரை கையிலை இருந்தது?"

"ஸ்பெயினிடம் இருந்தது" என்றாள் மகள், பிரெஞ்சில். "திருப்பிக் கொடுக்கும்போது, வேறு யாருக்கும் கொடுக்கக்கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்."

"பாருங்கோ! உறுதியிலையே வில்லங்கம். உதை மறைச்சுப்போட்டு எனக்கு விக்க வந்திட்டியள்."

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு பரப்புக் காணி வாங்குவதற்கு எங்கள் ஆட்கள் பண்ணுகிற ஆராய்ச்சி முழுவதும் மிசிசிப்பிக் கரையில் நடந்துகொண்டிருந்தது. மகளின் விரல்கள் பறந்தன. நான் ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தேன்.

"அங்கை சனம் இருக்கோ?" என்று கேட்டாள் மனைவி.

மகள் சொன்னாள். வெள்ளைக்காரர் வருவதற்கு எவ்வளவோ காலம் முன்பே அங்கே இருக்கிற சனங்கள். ஒன்றில்லை, பல இனங்கள், பல மொழிகள்.

"அவையைக் கேட்டனீங்களோ?"

"அவையை ஏன் கேக்கவேணும்?" என்றேன் நான், பிரான்சாக.

கத்தியை மேசையில் வைத்துவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். "காணி விக்கிறதெண்டால் முதல் பங்காளியைக் கேக்கவேணும். பக்கத்துக் காணிக்காரனைக் கேக்கவேணும். கேக்காமல் வித்தால் வழக்கு. உது எங்கடை ஊரிலை எல்லாருக்கும் தெரியும். அங்கை இருக்கிற சனத்தை ஒரு வார்த்தை கேக்காமல் ஒருத்தர் விக்கிறார், ஒருத்தர் வாங்கிறார். இருக்கப்போறது ஆர்? நீங்களோ? நீங்கள் காலமை வேலைக்குப் போயிடுவியள். பிள்ளை பள்ளிக்கூடம். பஸ்சுக்கு நிண்டு, ரயிலுக்கு நிண்டு நான் தைக்க வரவேணும், இல்லாட்டி செரி மரத்தையும் கராஜையும் பாத்துக்கொண்டு இருக்கவேணும். இஞ்சை நான் கீழை இறங்கினால் பத்துப் பேர் அக்கா எண்டு கூப்பிடுவினம். அங்கை என்னை ஆர் கூப்பிடுறது? நான் கேட்டது ஒரு துறைமுகம். அது பெரிய காரியமே? முழு நாடு எனக்கு வேண்டாம்."

மகளின் விரல்கள் நின்றுவிட்டன. "அமெரிக்காவிடம் கராஜ் இல்லை, அம்மா" என்றாள் மெதுவாக.

மனைவி எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். வாய்க்குள் இருந்த முறுக்கை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

மகள் கெட்டிக்காரி. ஒன்றும் நடக்காததுபோல மிச்சத்தை எழுதத் தொடங்கினாள், எழுதியதை உரக்கப் படித்தாள். அமெரிக்கா கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவே நடுத்தர நாடாக இருந்துவிட்டது. ஆற்று வாயில் படகுகள் வந்துபோக ஒரு உடன்படிக்கை. ஆற்றோரப் பட்டணங்களில் இன்றைக்கும் பிரெஞ்சு. அதற்கு அப்பால், சமவெளியில், அந்தந்தச் சனங்களுக்கு அந்தந்த அரசு, அவரவர் கொடி. அங்கே போவதற்கு அவர்களிடம்தான் விசா கேட்கவேண்டும். அமெரிக்கப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் மூன்று பக்கத்து நாட்டு மொழி படிக்கிறார்கள்.

எங்கள் ஆட்களும் வள்ளம் ஏறி, விமானம் ஏறி அந்த ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. அங்கேயும் ஒரு ரூ காய் இருந்திருக்கும். மாட்டுக்காரன் தொப்பியைத் தூக்கி பொன்சூர் சொல்லி ஒரு கிலோ வெண்டிக்காய் கேட்டிருப்பான். வேறு நாளாக இருந்தால் இதைச் சொல்லிச் சிரித்திருப்பேன். அன்றைக்குச் சொல்லவில்லை.

கோபம்தான் வந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு முதலில் வந்த நினைப்பு மனைவியைப் பற்றியது இல்லை. ஐயருக்கு என்ன சொல்வது, தங்கச்சிக்கு என்ன சொல்வது, றோல்ஸோடு வருகிறவருக்கு என்ன சொல்வது என்பதுதான். "நொத்தேருக்கு முன்னாலை இருக்கேக்கை வாயிலை என்ன கொழுக்கட்டையோ?" என்று கேட்க வாய் உன்னியது. கேட்கவில்லை. நான் இருபத்தொரு வருடத்தில் அவளை எத்தனை தரம் கேட்டிருக்கிறேன் என்ற எண்ணம் அதை மறித்தது. சாப்பிட்டேன். கத்தரிக்காய்க் குழம்பு நன்றாக இருந்தது. அதையும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை அவள் வேலைக்கு இறங்கிப் போனபின் நான் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளிக்கிட்டேன். அங்கிருந்து அவள் வந்துபோகவேண்டிய வழியை நான் போய்ப் பார்க்கவேண்டும் என்று ஒரு பிடிவாதம். கார் து நோருக்கு நடந்து ரயில் ஏறினேன். நடுவழியில் ரயில் நின்றது. ஏனென்று ஒலிபெருக்கி சொன்னது எனக்கும் விளங்கவில்லை, பக்கத்திலிருந்த பிரெஞ்சுக்காரருக்கும் விளங்கவில்லை. இறங்கினால் பஸ் அப்போதுதான் போயிருந்தது. நான் பார்த்த வீடு அதே அழகோடு நின்றது. தெருவில் ஒரு சீவன் இல்லை. அரை மணித்தியாலம் நின்றேன், ஒரு பூனை போனது.

பக்கத்துத் தெருவில் அண்ணையின் வீடு. அண்ணை வேலைக்குப் போயிருந்தார். கதவைத் திறந்த அண்ணிக்கு என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. அவவும் ஒரு காலத்தில் லா சப்பல்காரிதான். இரண்டு தெரு தள்ளி இருந்தவ. தேத்தண்ணி தந்தவ. நான் குடித்து முடிக்க முதலே இன்னொன்று ஊற்றினவ.

"ரூ காயிலை மாம்பழம் வந்திட்டுதோ? அந்த மூலைக் கடைக்காரன்ரை மனுசிக்குப் பிள்ளை பிறந்திட்டுதோ? உவள் என்ன, இப்பவும் நூலைத் தூக்கிக்கொண்டு றோட்டுக்கு வாறவளோ?"

"ஓம் அண்ணி, வாறவ."

"நான் அங்கை வந்து நாலு மாசமாச்சு" என்றா. பிறகு, "தம்பி, கொஞ்சம் இருந்து சோறு தின்னிட்டுப் போவன்" என்றா. வேலை இருக்கிறது என்று பொய் சொல்லி எழும்பினேன். கதவுவரை வந்து, பிறகு படலைவரை வந்து, பிறகு தெருவின் முடக்குவரை என்னோடு நடந்து வந்தா. வீட்டுச் செருப்போடு.

திரும்பி வந்து நேரே ரூ காய்க்குப் போனேன். சாறிக்கடை வாசலில் என் மனைவி நின்றாள். நூற்கட்டையை வெளிச்சத்தில் பிடித்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை நேரத்தில் நான் அங்கே போவது கிடையாது. என்னைக் கண்டு பயந்துவிட்டாள்.

"என்ன? பிள்ளைக்கு ஏதுமோ?"

"பிள்ளைக்கு ஒண்டுமில்லை. இஞ்சாரும், ஒண்டு கேக்கிறன். உந்த வீடு உமக்கு வேணுமோ, வேண்டாமோ?"

கடைக்குள்ளே பிளவுசுக்கு அளவு கொடுக்க வந்த இரண்டு பெண்கள், தொலைபேசியைப் பார்ப்பதுபோலக் காதை எங்கள் பக்கம் வைத்திருந்தார்கள்.

"உங்கடை..." என்று தொடங்கினாள்.

"என்ரையை விடும். எனக்கு விருப்பம். அது உலகத்துக்கே தெரியும். நான் உம்மைக் கேக்கிறன். முதலே கேட்டிருக்கவேணும், கேக்கேல்லை. இப்ப கேக்கிறன்."

அவள் நூற்கட்டையைப் பார்த்தாள். தெருவைப் பார்த்தாள். "வேண்டாம்" என்றாள். வீட்டுப்பாடம் இல்லாமல் சொன்னாள். செரி மரம் போய்விட்டது என்ற துக்கம் எனக்கு இருந்தது, ஏன் பொய் சொல்வான். இருந்தும் அவள் முகத்தை அப்படி நான் கண்டு கனகாலம்.

மகள் பள்ளிக்கூடத்தால் வந்ததும் கடிதம் எழுதித் தந்தாள். மூன்றே வரி. "காரணம் எழுதவேண்டாமோ?" என்று மனைவி இரண்டு தரம் கேட்டாள். தேவையில்லை, சட்டமே அப்படித்தான் என்றாள் மகள். இருவரும் கையெழுத்து வைத்தோம். தபாற்கந்தோர் மூடுவதற்கு முன் மூன்று பேருமாக ஓடிப்போய் வரிசையில் நின்று பதிவுத் தபாலில் போட்டோம். வரும் வழியில் அந்தச் சின்ன அறையின் யன்னலில் வாடகை அறிவித்தல் இன்னும் இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்தோம். இருந்தது. அடுத்த மாதமே அதை எடுத்தோம். மெஷினை மேலே ஏற்ற நானும் சாறிக்கடைக்காரரும் பட்ட பாடு சொல்லி மாளாது.

கடிதம் போட்ட அதே வாரம், வியாழக்கிழமை, மகள் வகுப்பில் நடித்தாள். யாரும் சிரிக்கவில்லையாம். பக்கத்துக் காணிக்காரனைக் கேட்டாயா என்ற இடத்தில் ஆசிரியை பேனையை வைத்துவிட்டு, இது எந்தப் புத்தகத்தில் இருந்தது என்று கேட்டாராம். அம்மா சொன்னது என்று சொன்னாளாம். இதை எங்களுக்குச் சொல்லும்போது முழுவதும் தமிழில் சொன்னாள். என் மனைவி அவளுடைய சாப்பாட்டுக் கோப்பையில் இன்னொரு அகப்பை சோறு போட்டாள்.

மிஞ்சியிருந்தது ஆட்களுக்குச் சொல்வது. ஐயர் சுலபம், "அப்ப அடுத்த நல்ல நாள் எப்ப பாக்க?" என்று கேட்டார், அவ்வளவுதான். ரொறொன்ரோத் தங்கச்சிக்குப் பொய் சொன்னேன். பாங்கில் கடன் தர மறுத்துவிட்டார்கள் என்றேன். எங்கள் ஆட்கள் எல்லாரும் சொல்கிற பொய், ஆம்பிளையின் மானத்தைக் காப்பாற்றுகிற பொய். தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பினால் மனைவி வாய் நிறையக் குண்டூசியோடு ஒரு பிளவுசுக்குக் கரை மடித்துக்கொண்டிருந்தாள். ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, "பாவம் பாங். அதுகள் ஒண்டும் செய்யேல்லை" என்றாள்.

சனிக்கிழமை காலை, நான் வேலைக்கு வெளிக்கிடும் நேரம் அண்ணை கூப்பிட்டார். அந்த வீட்டின் பக்கத்து வீட்டுக்காரர் மூலம் விஷயம் அவருக்குப் போயிருந்தது.

"டேய், வீட்டை விட்டிட்டியாமே! என்ன நடந்தது? பாங்கோ?"

ஓம் அண்ணை, பாங் என்று வாய்வரை வந்தது. மனைவி என் சாப்பாட்டுப் பெட்டிக்கு மூடி தேடிக்கொண்டிருந்தாள். தேடுகிற கை நின்றுவிட்டது.

"பாங் இல்லை, அண்ணை" என்றேன். "மனுசிக்கு விருப்பமில்லை. வேண்டாமெண்டு சொன்னவ. அதுதான் விட்டனாங்கள்."

"விசரோ உனக்கு? மனுசி சொல்லிச்சுதெண்டு கையெழுத்து வைச்ச வீட்டை விடுறதோ? நாளைக்குச் சனம் என்ன கதைக்கும்?"

"கதைக்கட்டும், அண்ணை. அங்கை பகல் முழுக்க இருக்கிறது அவதானே. நான் முதலே கேட்டிருக்கவேணும்."

பெட்டியின் மூடி கிடைத்துவிட்டது, டக்கென்று பொருந்தும் சத்தம் கேட்டது. அண்ணை இன்னும் நாலு பேச்சுப் பேசுவார் என்று காத்திருந்தேன். அந்தப் பக்கத்தில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அண்ணியின் குரல் கேட்கவில்லை.

"வாய் திறந்து வேண்டாமெண்டு சொன்னவவோ?" என்று கேட்டார்.

"ஓம் அண்ணை. கேட்டனான், சொன்னவ."

அவர் எழும்பி நடப்பது கேட்டது. ஒரு கதவு சாத்தப்பட்டது, தொலைக்காட்சிச் சத்தம் அடங்கியது. பிறகு, பக்கத்தில் யாருக்கும் கேட்கக்கூடாத குரலில், "தம்பி, நீ எப்பிடிக் கேட்டனி?" என்றார்.